மாமனாருக்கு ஏற்ற போன்

மாப்பிள்ளையின் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளிருந்து ஆம்புலன்ஸ் அலறியது.

மீட்டிங் ஹாலில் பேசிக்கொண்டிருந்த மேலதிகாரி பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மற்றவர்கள் வாசல் பக்கம் பார்த்தார்கள். கடைசியில் எல்லாப் பார்வையும் மாப்பிள்ளையின் தொடையில் வந்து நின்றது.

"சாரி சார். மாமனார்" என்றார் மாப்பிள்ளை, எழுந்து நின்று.

"மாமனாரா? பாக்கெட்லயா?"

"அவரோட புது போன்ல அவசர பட்டன் இருக்கு சார். அதை அமுக்கினா எனக்கு இந்தச் சத்தம் வரும். நானே வெச்சதுதான். தவறிடக் கூடாதேன்னு..."

"அப்புறம் ஏன் இன்னும் இங்கேயே நிக்கிறீங்க? ஓடுங்க!"

மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தைந்து. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களைப் போனிலேயே சமாதானப்படுத்தி, சிரிக்கவைத்து, கதவு திறக்கும் வரை தாக்குப்பிடிக்க வைக்கத் தெரிந்தவர். ஆனால் மாமனார் விஷயம் என்றால் மட்டும் அவருக்கு வேர்த்துவிடும்.

வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மாமனார் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. உள்ளேயிருந்து காதைக் கிழிக்கும் சைரன். எதிர்வீட்டு நர்ஸ் முதலுதவிப் பெட்டியோடு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்கக் கடப்பாரையோடு தயாராக இருந்தார். கதவு திறந்துதான் கிடக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே மாமனார் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"மாமா! என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"யாரு, மாப்பிள்ளையா? வாங்க, வாங்க. சட்டை பட்டன் ஒண்ணு கீழே விழுந்துடுச்சு. டார்ச் அடிச்சுத் தேடலாம்னு பார்த்தா, இந்த போன் வெளிச்சம் தரமாட்டேங்குது. சத்தம்தான் தருது."

"மாமா, நீங்க அமுக்கினது டார்ச் இல்ல. அவசரத்துக்கான பட்டன்!"

"பின்னாடி ரெண்டு மேடு இருக்கு. ஒண்ணு டார்ச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. எதுன்னு என் கண்ணுக்கு எங்க தெரியுது?"

மாப்பிள்ளை போனைப் பிடுங்கி, சத்தத்தை நிறுத்துவதற்காக அதே பட்டனை அழுத்திப் பிடித்தார். சைரன் நிற்கவில்லை. மறுபடியும் முதல் நம்பரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தது. அவருடைய பாக்கெட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்துகொண்டது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அலறியதில், கடப்பாரைக்காரர் திறந்திருந்த கதவை ஒரு போடு போட்டுவிட்டார்.

எல்லாம் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

மாமனாருக்குக் கொஞ்ச காலமாகவே பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது. எழுத்துகள் எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஆனால் வெளிச்சமும் நிறமும் அசைவும் தெரியும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். மற்றபடி ஆள் திடமாக இருந்தார். தனியாகச் சமைத்து, துவைத்து, தன் வீட்டில் ராஜாவாக வாழ்ந்துகொண்டிருந்தார். பத்து நாளைக்கு முன்னால்தான் திடீரென்று போனை எடுப்பதை நிறுத்தினார்.

"யார் கூப்பிடறாங்கன்னே தெரியல. யாருன்னு தெரியாம 'ஹலோ, ஹலோ'ன்னு வரவேற்க நான் என்ன ஹோட்டலா நடத்தறேன்?" என்றார்.

மாப்பிள்ளையின் மனைவி அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, அப்பாவுக்கு ஏத்த மாதிரி ஒரு போன் பார்த்து வாங்கிக் கொடுங்க. அதுவும் சரிப்படலேன்னா, இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம். சின்ன ரூம்தான் இருக்கே."

சின்ன ரூம்! மாப்பிள்ளைக்கு நெஞ்சில் யாரோ கடப்பாரையை வைத்தது போலிருந்தது.

அந்த அறையில் ஐந்து கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனிக் காற்றுக் குழாய். ஆபீசிலிருந்து வந்ததும் முதலில் அங்கேதான் போவார். எல்லாவற்றிலும் பெரிய தொட்டியில் உள்ளங்கை அகல ஆரஞ்சு நிற மீன் ஒன்று தனியாக இருந்தது. எந்த வேலையும் செய்யாமல், இங்கும் அங்கும் நடந்து, வாயைத் திறந்து திறந்து மூடியபடி எல்லோரையும் முறைப்பதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த அறைமேல் மனைவிக்கும் ஒரு கண் உண்டு. அவள் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் வரைகிறவள். இடமில்லாததால் சாப்பாட்டு மேஜைமேல்தான் வேலை. ஒருமுறை மாப்பிள்ளை ஈர டம்ளரை வரைபடத்தின்மேல் வைத்துவிட்டார். அதைப் பார்த்த வாடிக்கையாளர், "ஹால் நடுவுல வட்டமா ஒரு ரூம் போட்டிருக்கீங்களே, எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவள் சின்ன ரூமைக் கேட்டாள்.

"மீனுங்களுக்கு இடம் மாறினா மனசு உடைஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு?"

"நீ பழகிட்டியே."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாமனாரும் வரும்போதெல்லாம் மேனேஜருக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவார். மூக்கு கண்ணாடியில் முட்டும். "மாமா, தொடாதீங்க. மேனேஜர் டென்ஷன் ஆயிடுவார்" என்று மாப்பிள்ளை அவரை நாற்காலியோடு பின்னால் இழுப்பார். தீனி டப்பாவை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

ஆகவே மாமனாருக்குச் சரியான போன் கிடைப்பதில்தான் மேனேஜரின் எதிர்காலம் இருந்தது.

முதல் போனில் ஒவ்வொரு பட்டனும் பிஸ்கட் அளவு இருந்தது. "பின்னாடி அவசர பட்டன் வெச்சது இருக்கான்னு கேளுங்க" என்று மனைவிதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அதன் கதை சைரனில் முடிந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள், அன்று இரவு தட்டை எடுத்துவைத்துக்கொண்டே. "தெருவே கூடிடுச்சாம். அப்பா இங்கே வந்துட்டார்னா இந்தப் பிரச்சினை எல்லாம் இருக்குமா?"

"அவசரப்படாதே. போன்தான் தப்பு. மாமா மேல தப்பே இல்ல. நாளைக்கே மாத்தறேன்."

"பாவம், எழுத்தும் தெரியல, பட்டனும் தெரியல. பேசற போன் ஏதாவது இருக்கான்னு பாருங்களேன்" என்றாள் மனைவி.

போன் கடைக்காரர் முதல் தடவை "வாங்க சார்" என்றவர், இரண்டாம் தடவை "வாங்க அண்ணே" என்றார்.

"பேசற போனா? இருக்குண்ணே. எந்த நம்பர் அமுக்கினாலும் சத்தமா சொல்லும். யார் கூப்பிட்டாலும் பேரைச் சொல்லும். கண்ணை மூடிட்டே பேசலாம்."

"தெளிவா சொல்லுமா?"

கடைக்காரர் ஒரு நம்பரை அழுத்திக் காட்டினார். கணீரென்ற பெண் குரல் ஒன்று கடையையே அதட்டியது. வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் "என்னையா கூப்பிட்டீங்க?" என்று உள்ளே வந்தார். மாப்பிள்ளைக்குப் பரம திருப்தி.

வீட்டில் மனைவி இன்னொரு உதவியும் செய்தாள். "ஒவ்வொரு பேரா உக்காந்து ஏத்தவேண்டாங்க. என் போன்ல இருக்கற எல்லாரும் அப்பாவுக்கும் தெரிஞ்சவங்கதானே? அப்படியே மாத்திடுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாப்பிள்ளை அப்படியே மாற்றினார்.

மறுநாள் ஆபீசில் அவருக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் குரல் கம்மியிருந்தது.

"ஏன்டா, உன் மாமனாருக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"ஏம்மா?"

"புது போன் வாங்கியிருக்காரே, கண்ணு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்னு கூப்பிட்டேன். எடுத்ததும், 'அதுக்குள்ள என்னைக் கூப்பிடாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு நானே வரேன்'னு சொல்லிட்டு வெச்சுட்டார்டா! நான் எங்கேடா அவரைக் கூப்பிட்டேன்?"

மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் பறந்தார். மாமனார் போனைத் துண்டில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடியிருந்தார்.

"மாமா, எங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"உங்க அம்மாவா? அந்த போன் என்ன சொல்லுச்சு தெரியுமா? 'மாமியார் அழைக்கிறார், மாமியார் அழைக்கிறார்'னு மூணு தடவை சொல்லுச்சு. என் மாமியார் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகுது, மாப்பிள்ளே! உயிரோட இருந்தப்பவே அவங்க கூப்பிட்டா எனக்குக் கால் நடுங்கும். எழுந்து நின்னுதான் பேசினேன்."

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். மனைவியின் போனில் அவருடைய அம்மா 'மாமியார்'. வேறு என்னவாக இருக்க முடியும்?

"அது மட்டுமா?" என்றார் மாமனார். "காலையில, 'அத்தான் அழைக்கிறார்'னுச்சு. எனக்கு ஏது அத்தான்? எடுத்தா, நீங்க பேசறீங்க!"

அன்று மாலை அம்மாவைச் சமாதானப்படுத்துவதிலேயே போனது. நாற்பது பேர் மாட்டிக்கொண்ட லிஃப்டைவிட அது கடினமாக இருந்தது.

"பேசாம அப்பாவையே..." என்று மனைவி ஆரம்பித்தாள். அவள் கையில் அளவு டேப் இருந்தது. சின்ன ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"டேப் எதுக்கு?"

"கட்டில் பிடிக்குமான்னு பார்த்தேன். சும்மாதான்."

மேனேஜர் தொட்டிக்குள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். மாப்பிள்ளைக்கு அது 'என்னைக் காப்பாற்று' என்று கேட்டது.

"ஒரே ஒரு சான்ஸ் கொடு" என்றார். "கடைசி போன்."

"சரி. ஆனா இதுவும் சரிப்படலேன்னா ஞாயித்துக்கிழமை அப்பா இங்கே வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்."

கடைக்காரர் இந்த முறை எழுந்து வந்து தோளில் கைபோட்டார்.

"வாங்க மாப்பிள்ளே! நேத்தே நினைச்சேன், இன்னைக்கு வருவீங்கன்னு. எழுத்து வேணாம், பேச்சு வேணாம். அவ்வளவுதானே? படம் வெச்ச போன் தரேன். திரை முழுக்க ஆறே ஆறு கட்டம். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் படம். யார் வேணுமோ அவங்க முகத்துல தட்டினா போதும்."

மாப்பிள்ளைக்கு அந்த போனை அங்கேயே கட்டிப்பிடிக்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் படங்களைத் தேடினார். மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

"போன வருஷம் கடற்கரைக்குப் போனோமே, அந்தப் படங்கள் எல்லாம் நல்ல வெளிச்சமா இருக்குங்க. ஆளுக்கு ஒண்ணு இருக்கு."

வெளிச்சமாகத்தான் இருந்தன. ஆறு படங்களையும் ஏற்றி, மாமனார் கையில் கொடுத்து, ஒன்றுக்கு மூன்று முறை தட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினார். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மாலையில் மேனேஜருக்கு ஒரு சிட்டிகை தீனி அதிகமாகப் போட்டார்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. மாப்பிள்ளை 'ஹலோ' சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமனாரின் குரல் கொட்டத் தொடங்கிவிட்டது.

"ஏம்மா, நான்தான். போதும்மா. இதுக்கு மேல என்னால முடியாது. கண்ணு தெரியலேன்னு எத்தனை நாளைக்குத்தான் நான் கஷ்டப்படறது? உன் புருஷன் முகத்தைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. நல்ல மனுஷன். இன்னும் எத்தனை போன் பாக்கி இருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

மகளைக் கூப்பிடுவதாக நினைத்துத் தன்னைக் கூப்பிட்டுவிட்டார் என்பது மாப்பிள்ளைக்குப் புரிந்தது.

"மாமா... நான் பேசறேன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு மெல்ல, "மாப்பிள்ளையா?" என்று கேட்டது.

"என் படத்தைத் தட்டிட்டீங்க மாமா."

"எல்லாருமே ஒரே மஞ்சளா தெரியறீங்களே மாப்பிள்ளே!"

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. கடற்கரைக்குப் போனபோது கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகக் கூடாது என்று, குடும்பத்துக்கே ஒரே மாதிரி மஞ்சள் பனியன் வாங்கிப் போட்டுவிட்டது அவரேதான்.

போனை வைத்த பிறகும் 'எத்தனை நாளைக்குத்தான் நான் கஷ்டப்படறது' என்ற அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. ஒரு பெரிய மனிதரை ஐந்து மீன் தொட்டிக்காக இப்படிப் பாடாய்ப் படுத்தியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாம். சின்ன ரூமைக் காலி பண்ணிடறேன். மீன் எல்லாத்தையும் வித்துடறேன்."

அவள் சட்டென்று திரும்பித் துவாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து மாப்பிள்ளை முதுகைத் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்களைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"விக்க வேண்டாங்க. நீங்க ஆசையா வளர்த்தது. அப்பா வீடு பூட்டித்தானே கிடக்கப் போகுது? தொட்டியை எல்லாம் அங்கே கொண்டுபோய் வெச்சுடலாம். தினம் போய்ப் பார்த்துட்டு வாங்க."

மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார். தன் மேஜைக்கு இடம் கேட்டும் கொடுக்காத மனிதனின் மீனுக்காக இவ்வளவு யோசிக்கிறாளே என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிகள் கிளம்பின. வாளிகளில் மீன்கள், போர்வையில் சுற்றிய கண்ணாடிகள், குழாய்கள், விளக்குகள். மேனேஜரை மட்டும் மாப்பிள்ளை யாரிடமும் கொடுக்காமல், மூடி போட்ட வாளியில் மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், சின்ன மாற்றல்தான்" என்று வழியெல்லாம் தேற்றிக்கொண்டே வந்தார்.

மாமனார் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் காலியாக, துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்திலேயே வரிசையாக ஐந்து பிளக் பாயின்ட்.

"அட, இத்தனை பிளக் பாயின்டா மாமா! நல்ல வசதியா போச்சு."

"ஆமா. எதுக்காவது உதவும்னு..." என்றார் மாமனார்.

தொட்டிகளை நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டு, விளக்கைப் போட்டதும் ஹாலே கடலுக்குள் போனது போல மாறியது. மாமனார் மேனேஜருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கு கண்ணாடியில் முட்டியது.

"டிவி தெரியல, பேப்பர் தெரியல, உங்க மூஞ்சிகூடச் சரியா தெரியல மாப்பிள்ளே. ஆனா இவரைப் பாருங்க. பெருசா, வெளிச்சமா, ஆரஞ்சுக் கலர்ல எப்படி நடக்கறார்! வால் ஆடறதுகூடத் தெரியுது எனக்கு."

மாப்பிள்ளைக்கு 'தொடாதீங்க மாமா' என்று சொல்ல வரவில்லை. பேச்சை மாற்ற, "பெட்டி எங்கே மாமா? கிளம்பலாமா?" என்று கேட்டார்.

"எங்கே?"

"நம்ம வீட்டுக்கு. ரூம் தயார்."

"நல்ல கதையா இருக்கே! இத்தனை உயிரை இங்கே விட்டுட்டு நான் எப்படி வர்றது? யார் தீனி போடறது? ராத்திரி கரன்ட் போனா யார் பார்க்கறது?"

"மாமா, உங்களுக்கு ஒரு அவசரம்னா? போன்கூடச் சரியா..."

அந்த நேரம் மாமனாரின் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. மேனேஜர் மேலிருந்து பார்வையைத் திருப்பாமலே அவர் அதை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் காதில் வைத்தார்.

"சொல்லும்மா... ம்... வந்து சேர்ந்துட்டாங்க, அஞ்சும் நல்லபடியா... ம்... இதோ மாப்பிள்ளையை அனுப்பிடறேன்."

மாப்பிள்ளை அசந்துபோனார். "மாமா! போன் எடுக்க வந்துடுச்சே!"

"நீங்க இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்தது மாப்பிள்ளே. பழகாமப் போயிடுமா?" என்றார் மாமனார். கை நீட்டி, "அந்தத் தீனி டப்பாவை இப்படிக் கொடுங்க" என்றார்.

மாப்பிள்ளை கொடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக.

வீடு திரும்பும் வழியில் அவருக்கு விசிலடிக்கத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் எல்லாமே நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது. மாமனார் தன் வீட்டிலேயே இருக்கப்போகிறார். போன் பழகிவிட்டது. சின்ன ரூமும் காலி. பெரியவர் ஆசைக்கு ஒரு வாரம் மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து தொட்டியையும் பழையபடி வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம். மேனேஜருக்கு மாற்றல் ரத்து!

வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன் நின்றிருந்தது. பழக்கமில்லாத ஒருவர், காதில் பென்சில் செருகிக்கொண்டு, நீளமான மர மேஜை ஒன்றின் முன்பக்கத்தைப் பிடித்தபடி கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். பின்பக்கத்தைப் பிடித்திருந்தவர் மாப்பிள்ளையின் மனைவி.

"ஏங்க, வந்துட்டீங்களா? நடுவுல கொஞ்சம் பிடிங்க" என்றாள் அவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் பிடித்தார். வரைபடம் விரிப்பதற்கென்றே செய்த சாய்வு மேஜை. வாசனை போகாத புது மரம். அது நேராகச் சின்ன ரூமுக்குள் போனது. ஜன்னல் சுவரோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது.

மனைவி தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குள் மறைந்தாள்.

"என்ன தச்சரே இது?" என்றார் மாப்பிள்ளை. "இந்த ரூம் இன்னைக்குக் காலையிலதானே காலியாச்சு? அதுக்குள்ள அளவு எடுத்து, அறுத்து, இழைச்சு, எப்படி முடிச்சீங்க?"

தச்சர் காதிலிருந்த பென்சிலைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"போன மாசமே அளவெடுத்துட்டேன் சார். 'மீனெல்லாம் எங்க அப்பா வீட்டுக்குப் போனப்புறம் கொண்டுவந்தா போதும்'னு அம்மா அப்பவே சொல்லிட்டாங்களே!"